ஐஸ் மீன் அல்ல, என் கருமுட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயந்துகொண்டே படிக்க வேண்டாம்: நான் நன்றாக இருக்கிறேன். மொட்டையாகிப்போன தலையில் முடி காதைத் தொடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. முன்பு நேர்முடி, இப்போது சுருட்டை. காசு கொடுத்தாலும் பார்லரில் இப்படிப் பண்ண மாட்டார்கள் என்கிறார் பக்கத்து டெய்லர் கடை அக்கா. திருவொற்றியூர் தாலுகா ஆபீசுக்குப் பக்கத்துச் சந்தில் என் ஜெராக்ஸ் கடையை மறுபடி திறந்து எட்டு மாதம் ஆகிறது. காப்பி எடுப்பேன், ஆன்லைனில் விண்ணப்பம் போடுவேன், மனு எழுதித் தருவேன். பத்தாவதோடு நின்றது என் படிப்பு. மிச்சத்தையெல்லாம் ஊரார் மனுக்களை எழுதி எழுதிக் கற்றுக்கொண்டேன்.

இப்போதெல்லாம் சில பெண்கள் ஆஸ்பத்திரி ஃபைலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வருகிறார்கள். "ரெண்டு காப்பி போடுக்கா" என்பார்கள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். அப்புறம் மெல்ல, "கீமோவுக்கு முன்னாடி நீ முட்டைய எடுத்து வெச்சியாமே, மெய்யாலுமாக்கா?" என்று கேட்பார்கள். டாக்டரிடம் கேட்க வாய் வராததை ஜெராக்ஸ் கடையில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முழுக்கதையும் சொல்ல ஆரம்பித்தால் வெளியே க்யூ தேரடி வரைக்கும் நிற்கிறது. அதனால் ஒரே தடவை எழுதிவிடுகிறேன். வேண்டியவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிடலாம்.

எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். இடது பக்கம், குளிக்கும்போது கையில் புளியங்கொட்டை மாதிரி நெருடியது. பேப்பர் பண்டல் தூக்கியதில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்று நினைத்து இரண்டு மாதம் தைலம் தேய்த்தேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். கொட்டை கரையவில்லை, பெருத்தது. ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு பயாப்சி, அதாவது ஊசியை விட்டுக் கட்டியிலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது. வலி ஒன்றும் பெரிதில்லை. ரிசல்ட் வருகிற ஒரு வாரம்தான் பெரிது.

ரிசல்ட் வாங்க என்னோடு வந்தது நைனா. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. இறால், பழம், மருந்து எல்லாம் ஏற்றி வருகிற குளிர்பெட்டிகளுக்கு பிளக் போட்டு, மணிக்கொரு தரம் உள்ளே எத்தனை டிகிரி என்று பார்த்துக் குறிப்பது அவருடைய வேலை. டாக்டர் நிதானமாகப் பேசுகிறவர். "கெட்ட கட்டிதாம்மா. ஆனா குணப்படுத்தக்கூடிய கட்டி. மொதல்ல கீமோ கொடுத்துச் சுருக்கிட்டு, அப்புறம் ஆபரேஷன்" என்றார். நைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சார், இதுக்கு எத்தினி நாளு லீவு போடணும்?" என்று கேட்டார். பாவம், அவருக்கு வாயில் வந்த கேள்வி அதுதான்.

டாக்டர் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "மகேஸ்வரி, ஒண்ணு கேக்கறேன். குழந்தை பெத்துக்கணும்னு ஆசை இருக்கா?"

"இருக்கு" என்றேன். யோசிக்கவே இல்லை. குரல் அவ்வளவு பெரிதாக வந்ததில் வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. கல்யாண ஆசை வரும், போகும். குழந்தை ஆசை மட்டும் ஒருநாளும் போனதில்லை. பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுகிறபோதெல்லாம் 'குழந்தையின் பெயர்' என்ற கட்டத்தில் மனதுக்குள் நானாக ஒரு பெயரை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் சொன்ன பெயரை அடிப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த டாக்டர் கேட்டுவிட்டார்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். கீமோ மருந்துக்குக் கண் கிடையாது. கட்டியை அடிக்கிற கையோடு முடியின் வேரையும் அடிக்கும், வயிற்றையும் அடிக்கும், கருப்பையையொட்டி இரண்டு பக்கமும் இருக்கிற சினைப்பைகளையும் அடிக்கும். முடி திரும்ப வரும். முட்டை வராது. ஒரு பெண் பிறக்கும்போதே அவள் ஆயுசுக்கான முட்டைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை. எவ்வளவு அழியும், எவ்வளவு மிஞ்சும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே கீமோவுக்கு முன்பே முட்டைகளை வெளியே எடுத்து உறையவைத்துக்கொள்ளலாம். ஆண்களுக்கும் இப்படி உண்டு. அவர்கள் விந்தைச் சேமித்துவைப்பார்கள். அது ஒரே நாள் வேலை. நமக்குத்தான் இரண்டு வாரம்.

"பதினெட்டு நாள் தரேன்" என்றார் டாக்டர். "பத்தொன்பதாவது நாள் கீமோ. அதுக்கு மேல கட்டிக்கு நேரம் கொடுக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். அம்மா தனம், மீன் வியாபாரம். விடியற்காலை காசிமேட்டு ஏலத்தில் எடுத்து வந்து எங்கள் தெருமுனையில் கடை போடுவாள். கேன்சர் என்றதும் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள், திரும்பக் கூடையைக் கழுவினாள். "வைத்தியம் கீதுன்னு சொல்லிட்டான் இல்ல? அப்பால இன்னா" என்றாள். எனக்கு அது தெம்பாக இருந்தது. முட்டை விஷயத்தைச் சொன்னபோதுதான் கூடையைக் கீழே போட்டாள்.

"இன்னாடி சொல்ற? எடுத்து ஐஸ்ல வெப்பாங்களா?"

"ஆமாம்மா. வருசக்கணக்கா கெடாம இருக்கும்."

"ஒரே ஒரு நாளு ஐஸ்ல கெடந்த வஞ்சிரத்தையே செவுள தொறந்து பாத்துட்டு வாணாம்னு போறாளுங்க. எம் பேரப்புள்ளைய வருசக்கணக்கா ஐஸ்ல போடுவியா?"

"ஏம்மே, பேரப்புள்ள எங்க கீது? முட்டைதான் கீது" என்றார் நைனா.

"நீ சும்மா கெட. ஐஸ் மீனு பத்தி எங்கிட்ட பேசாத."

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐஸ் மீன் என்பது எங்கள் வீட்டில் வசைச்சொல். நேற்று விற்காததை ஐஸில் போட்டு இன்றைக்கு விற்றால் அது ஐஸ் மீன், பாதி விலை. சோம்பேறியைக்கூட அம்மா 'ஐஸ் மீனு மூஞ்சி' என்றுதான் திட்டுவாள். அப்படிப்பட்டவளிடம் போய் உன் பேரனை ஐஸில் வைக்கப்போகிறோம் என்றால் என்ன செய்வாள்? ஒரு முழுநாள் என்னோடு பேசவில்லை. பதினெட்டில் ஒன்று போயிற்று.

மறுநாள் மூன்று பேருமாக மெட்ரோ ஏறிக் கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கூடமும் இந்தக் கூடமும் வேறு வேறு உலகம். அங்கே எல்லாரும் பேசுவார்கள். பேசின் பிரிட்ஜிலிருந்து வரும் ஒரு அக்கா, "கட்டி வளருற வேகத்துல கூட இந்த டோக்கன் நம்பரு வளர மாட்டுது" என்று சொல்லி ஒரு வரிசையையே சிரிக்கவைத்தார். இங்கே ஏசி, மெல்லிய பாட்டு, ஜோடி ஜோடியாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறவர்கள். சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "அல்லாம் வெள்ளக்கார கொயந்தையா மாட்டி வெச்சிகிறாங்க. நம்ம ஊருல ஒரு கொயந்த கூடவா கெடைக்கல?" என்றாள். பக்கத்து ஜோடி சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் சிரித்த பழக்கத்தில், "உங்க மாப்பிள்ளை வரலையாம்மா?" என்று கேட்டாள்.

அம்மா கண் இமைக்கவில்லை. "அவரு கப்பல்ல கீறாரு."

"எந்தக் கப்பல்மா?"

"பெரிய கப்பலு."

அதற்குப் பிறகு அந்த மையத்துக்குப் போன ஒவ்வொரு நாளும் நைனா, "மாப்ள எந்தத் துறைமுகத்துல கீறாரு இன்னிக்கி?" என்று என்னைக் கேட்பார். சிரிக்க ஒன்று கிடைத்தது.

உள்ளே லேபைக் கவனித்துக்கொள்ளும் மேடம் எங்களை உட்காரவைத்துப் பேசினார். நாற்பது வயது இருக்கும். முட்டையை உறையவைப்பது இவர் கைதான். அம்மா நேராகக் கேட்டுவிட்டாள். "ஐஸ்ல வெச்ச பொருளு கெட்டுப்பூடும்மா. நான் முப்பது வருசமா ஐஸுகூட வாயுறேன்."

மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. "மீன் எப்படிம்மா கெடும்?"

"வூட்டு ஃபிரிட்ஜுல மேல வெப்பாளுங்களே, அது மெதுவா ஒறையும். எடுத்து வெளிய வெச்சா தண்ணி வுட்டு சதை பஞ்சாப் பூடும். தொட்டா உதிரும். கப்பல்ல புட்ச்ச ஒடனே படார்னு ஒறைய வெக்கிறாங்களே, அது தாவல, உதிராது."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அதேதாம்மா! மெதுவா உறைஞ்சா உள்ள இருக்கிற தண்ணி ஊசி ஊசியா ஐஸாகி சதையைக் கிழிச்சிடும். முட்டைக்குள்ள தண்ணிதான் ஜாஸ்தி. அதனால முதல்ல தண்ணியைக் குறைச்சிட்டு, கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள உறைய வெச்சிடுவோம். ஐஸ் ஊசி உண்டாகவே நேரம் கிடைக்காது. கண்ணாடி மாதிரி ஆயிடும். ஐஸே கிடையாதும்மா இதுல."

"ஐஸே கெடையாதா?"

"கிடையாது."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி?"

நைனாவுக்கு அவருடைய கவலை. "கரண்ட்டு பூட்ச்சின்னா, மேடம்?" என்றார். அந்தத் தொட்டிக்குப் பிளக்கே கிடையாது, திரவ நைட்ரஜன் என்று ஒன்றை ஊற்றிவைப்பார்கள், அளவு குறையக் குறைய நிரப்புவார்கள், குளிர் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி என்று மேடம் சொன்னார். யார்டில் மைனஸ் பதினெட்டைக் காவல் காக்கிற மனிதர் வாய் திறந்தபடி உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அப்ப லெவலு பாக்குற ஆளு லீவு போட்டா?" என்றார். "ரெண்டு ஆளு, ஒரு அலாரம்" என்றார் மேடம். நைனா தலையாட்டினார். அவர் மொழியில் அது கையெழுத்து.

உண்மையான கையெழுத்துகள் எனக்கு. ஒரு கட்டு ஒப்புதல் படிவங்கள். சட்டப்படி பத்து வருடம் வரை வைத்திருக்கலாம். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரு பக்கத்தில், நான் இறந்துபோனால் முட்டைகளை என்ன செய்வது என்று ஒரு கேள்வி: அழித்துவிடலாமா, ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா. எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே என்று ஊருக்கே சொல்கிற நான், அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மா, "இன்னா கேக்குறான்?" என்றாள். "அட்ரஸ் கேக்குறாங்கம்மா" என்று சொல்லிவிட்டு 'ஆராய்ச்சி' என்ற இடத்தில் டிக் போட்டேன்.

ஸ்கேன் பற்றிக் கல்யாணமாகாத பெண்கள் அதிகம் கேட்கிறீர்கள். சினைப்பை தெளிவாகத் தெரிய, கருவியை உள்வழியாகச் செலுத்திப் பார்ப்பார்கள். அந்த மையத்து டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் என்னிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் செய்தார். வேண்டாம் என்றால் வயிற்றின் மேலாகவும் பார்க்கலாம், தெளிவு குறையும் என்றார். நான் சரி என்றேன். வெளியே அம்மாவிடம் ஒரு நர்ஸ் சொல்லத் தயங்கியபோது நானே சொன்னேன். அம்மா ஒரு விநாடி முகம் சுருங்கினாள். பிறகு, "டாக்டருகிட்ட இன்னா வெக்கம்" என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் தெரிந்த சேதி நல்லதாக இல்லை. உள்ளே முட்டைக் கையிருப்பு எவ்வளவு என்று ஊகிக்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. எனக்கு வயதுக்கு மீறிக் குறைவு. "நாலு, அஞ்சு தெரியுது. கிடைக்கிறதை எடுப்போம்" என்றார் டாக்டரம்மா. சாதாரணமாக உடம்பு மாதத்துக்கு ஒரு முட்டையைத்தான் பழுக்கவைக்கும். தினமும் ஹார்மோன் ஊசி போட்டால் இருக்கிற பலதையும் சேர்த்துப் பழுக்கவைக்கலாம். மாதவிலக்குக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, எந்த நாளிலும் தொடங்கலாம். என் கட்டி ஹார்மோனைத் தின்று வளருகிற ஜாதி. அதனால் ஹார்மோன் ஏறாமல் பிடித்துவைக்க ஒரு மாத்திரையும் கூடவே கொடுத்தார்கள். ஊசி மருந்து விலை அதிகம்தான். மையத்தில் புற்றுநோய்க்காரர்களுக்குக் கொஞ்சம் குறைத்தார்கள், மிச்சத்துக்கு நைனா பி.எஃப். பணத்தில் கைவைத்தார். அதைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை.

தினமும் மாலை ஆறரைக்கு ஊசி. தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும். அம்மா போடுகிறேன் என்று வந்தாள். ஒரு முழம் வஞ்சிரத்தை மூச்சு விடுவதற்குள் துண்டு போடுகிற கை, அந்த மயிரிழை ஊசியை என் கையிலேயே திரும்பத் திணித்தது. "நீயே குத்திக்கடி. ஒன்ன என்னால குத்த முடியாது" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நானே போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாளிலிருந்து பல் விளக்குகிற மாதிரி ஆகிவிட்டது. வயிறு மட்டும் உப்பியது.

ஊசி தொடங்கிய ஆறாம் நாள் மத்தியானம் எங்கள் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துக் கரண்ட் போய்விட்டது. நான் கடையில் இருந்தேன். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னது அம்மா காதில் ஊறிப்போயிருந்தது. ஃபிரிட்ஜ் சூடாகிறதே என்று பதறி, மூன்று நாள் மருந்தையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தன் மீன் பெட்டிக்குள் வைத்து, மேலே உடைத்த ஐஸைக் கொட்டி, குளிர் கூடுவதற்காகத் தன் வழக்கப்படி இரண்டு கை கல்லுப்பைத் தூவி மூடிவிட்டாள். கல்லுப்பு போட்டால் ஐஸின் குளிர் இன்னும் கீழே போகும். மீனுக்கு அதுதான் வேண்டும்.

ஊசி நேரத்துக்கு நான் வந்தபோது பெருமையாகப் பெட்டியைத் திறந்து காட்டினாள். "பாரு, கும்முனு கீது." கண்ணாடிக் குப்பிக்குள் மருந்து வெள்ளையாக உறைந்து கட்டியாகியிருந்தது.

மையத்துக்குப் போன் போட்டேன். நர்ஸ், "அய்யோ, உறைஞ்சா வீண். போடாதீங்க. கரண்ட் போனா வெளியவே விட்டிருக்கலாமே, ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார். ஸ்பீக்கரில் அம்மாவும் கேட்டாள்.

யூனிஃபார்மோடு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த நைனா, "ஏம்மே, வாயப்பயத்துக்கும் எறாலுக்கும் ஒரே குளிரா வெப்பாங்க? பொட்டிக்குப் பொட்டி டிகிரி வேற இல்ல?" என்றார். சொன்ன பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஆட்டோவுக்குச் சில்லறை எடுத்து என் கையில் வைத்தார்.

நானும் அம்மாவும் ஷேர் ஆட்டோவில் தொற்றி, மெட்ரோவைப் பிடித்து, மையத்தை மூடுகிற நேரத்துக்கு ஓடினோம். எங்களுக்காக நர்ஸ் காத்திருந்து மருந்தை எடுத்துக் கொடுத்தார். அங்கேயே ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டு மணி நேரம் தாமதம். பரவாயில்லை என்றார்கள். மறுநாளிலிருந்து அம்மா அந்த ஐஸ் பெட்டியைத் தொடவில்லை. மத்தியானத்துக்குள் விற்கிற அளவுக்கு மட்டும் மீன் எடுத்தாள், மிஞ்சினால் சும்மா கொடுத்துவிட்டு வந்தாள். கேட்டதற்கு, "ஐஸு வெல ஏறிப்பூட்ச்சி" என்றாள். ஏறவில்லை.

டாக்டர் கொடுத்த பதினெட்டில் பதினாறாம் நாள் காலை முட்டைகளை எடுத்தார்கள். மயக்க ஊசி போடுவார்கள், கால்மணி நேர வேலை, வெட்டு கிடையாது, தையல் கிடையாது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் முட்டை மிதக்கும் ஒவ்வொரு நீர்ப்பையையும் உறிஞ்சி எடுப்பார்கள். கண் விழித்தபோது அடிவயிற்றில் மாதவிலக்கு மாதிரி ஒரு வலி, பக்கத்தில் நைனாவின் கட்டை விரல் என் உள்ளங்கையில். லேப் மேடம் வந்து குனிந்தார். "மூணு கிடைச்சிருக்கு. பழுத்திருந்தாத்தான் உறைய வெக்க முடியும். காயா இருந்தா ஒரு ராத்திரி வெச்சுப் பார்ப்போம். நாளைக்குப் போன் பண்றேன்."

அதற்குப் பிறகு நடந்த கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் உங்கள் டாக்டர்களே சொல்லுவார்கள். வாந்தி உண்டு, வாய்ப்புண் உண்டு, எழுந்து நிற்கிற நாளும் உண்டு. நான் சொல்ல வேண்டியது இதுதான்: அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். முதல் கீமோவுக்கு முன்னாலேயே கேளுங்கள். 'டாக்டர், எனக்குப் பின்னாடி குழந்தை வேணும், இப்ப என்ன செய்யலாம்?' கல்யாணம் ஆகவில்லையே என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுப் பையனுக்கு வந்தாலும் கேளுங்கள். அவன் வெட்கப்படுவான், நீங்கள் வெட்கப்படாதீர்கள். முட்டையை எடுத்த பிறகும், கீமோ நடக்கிற மாதங்களில் சினைப்பைகளைத் தூங்கவைக்க மாதம் ஒரு ஊசி போடுவார்கள். அதையும் கேட்டு வாங்குங்கள். இவை எதுவும் குழந்தைக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் கதவு திறந்திருக்கும். கட்டி திரும்பி வராமல் இருக்க நான் இன்னும் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். எப்போது நிறுத்தலாம், எப்போது முயற்சி செய்யலாம் என்று டாக்டர் சொல்வார். அதுவரை என்னுடையது அந்தத் தொட்டியில் பத்திரமாக இருக்கிறது.

என்னுடையது என்று சொன்னேன், எத்தனை என்று சொல்லவில்லை, இல்லையா?

பதினேழாம் நாள் காலை, கீமோவுக்கு முந்தின ரத்தப் பரிசோதனைக்காகப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா டீ வாங்கப் போயிருந்தாள். போன் அடித்தது. லேப் மேடம்.

"மகேஸ்வரி, ஒண்ணுதான் முழுசா பழுத்திருந்தது. அதை உறைய வெச்சாச்சு, நல்ல முட்டை. மத்த ரெண்டையும் வெச்சுப் பார்த்தோம், தேறல."

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. "மேடம், அன்னிக்கு மருந்து உறைஞ்சிடுச்சே, அதனாலயா?"

"இல்லவே இல்ல. அந்த மருந்து உங்க உடம்புக்குள்ள போகவே இல்லையே. ரெண்டு மணி நேரத் தாமதம் எதையும் மாத்தாது. உங்க கையிருப்பே கம்மி. அம்மாகிட்ட நான் சொல்லணுமா?"

"வேணாம் மேடம். நான் சொல்லிக்கறேன்."

இன்னொரு தடவை முயற்சி செய்ய நாள் இல்லை. நாளை பதினெட்டு, நாளை மறுநாள் கீமோ. போனை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தின் வாசலைப் பார்த்தேன். அம்மா இரண்டு பேப்பர் கப்பைக் கூட்டத்துக்கு நடுவில் சிந்தாமல் ஏந்திக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். என் முகத்தைத் தூரத்திலிருந்தே படிக்கப் பார்த்தாள்.

"போன் வந்துச்சா? எத்தினிடி?"

ஒன்று என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. அம்மா நண்டையோ காணாங்கெளுத்தியையோ கூடையில் எண்ணிப் போடும்போது ஒன்று என்று தொடங்கி நான் கேட்டதே இல்லை. முதல் எண்ணுக்கு அவள் வாயில் பெயர் வேறு. லாபம், ரெண்டு, மூணு, நாலு என்றுதான் போகும். அரிசி அளக்கிறவர்கள்கூட இப்படித்தான் எண்ணுவார்கள். எங்கள் தெருவில் மீன் எண்ணுகிறவர்கள் எல்லாருக்கும் இதுதான் கணக்கு.

"லாபம்மா" என்றேன்.

அம்மா அடுத்த எண்ணுக்காக நின்றாள். கப்பிலிருந்து ஆவி அவள் முகத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"அப்பால?"

"அவ்ளோதாம்மா."

மெதுவாக என் பக்கத்தில் குந்தினாள். ஒரு கப்பை என் கையில் கொடுத்தாள். தன் கப்பைக் குடிக்கவில்லை. "அந்த உப்பு போட்டேனே…" என்று தொடங்கினாள்.

"கேட்டேம்மா. அது இல்லியாம். மருந்து எனுக்குள்ள போவவே இல்லயே. எங்கிட்ட இருந்ததே கொஞ்சம்தான்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

"சோக்கா கீதாமா அது?"

"சோக்கா கீதாம். நல்ல முட்டைன்னு அந்த மேடமே சொன்னாங்க."

அம்மா மூக்கை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கப்பைக் கசக்கினாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டி நைனாவுக்குப் போடச் சொன்னாள். யார்டில் கன்டெய்னர்களின் இரைச்சலுக்கு நடுவில் அவர் கத்துவது எனக்கும் கேட்டது.

"இன்னாமே ஆச்சி?"

"லாபம்யா."

"இன்னாது? காது கேக்கல. ஒண்ணா? ஒண்ணுதானா?"

கூடத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி அம்மா போனுக்குள் கத்தினாள்.

"ஒண்ணுன்னு சொல்லாதய்யா! இன்னும் எண்ணி முடிக்கல."